மிகவும் கனத்த உடம்போடு பத்திரமாகப் பயிற்சி செய்து எடை குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடங்களுக்கு முன்னால் என் எடை 146 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். இப்போது 108. இன்னும் பருமன்தான், ஆனால் மாடிப்படி ஏறுகிறேன், என் ஷூவை நானே மாட்டிக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே இருப்பவை என்னைப் போன்ற உடம்புள்ளவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள். பதில்களில் மருத்துவம் சம்பந்தப்பட்டவற்றை எனக்கு வைத்தியம் பார்ப்பவர்களிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான எடைக்குறைப்பு ஆலோசனை 80 கிலோவை 70 ஆக்க நினைப்பவர்களுக்கானது. 130 கிலோ மனிதர் அதை அப்படியே செய்தால் முட்டி போய்விடும். எனக்கும் முதல் முயற்சியில் அதுதான் நடந்தது.

"மிக அதிக எடை" என்றால் எவ்வளவு?

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. நம் ஊர் உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். இந்தப் பக்கம் 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 110 கிலோ இருந்தால் அவருக்கு பி.எம்.ஐ. 40.

வீட்டு எடை மெஷின் என் எடையைக் காட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

வீட்டு மெஷின்கள் பலவும் 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடும். மெஷினின் அடியில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் என்றால் பெரிய மருத்துவமனைகளில் கேளுங்கள். மூட்டை நிறுக்கும் தராசில் போய் நில் என்று சிலர் சொல்வார்கள். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். தையல் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து தேதியோடு குறித்து வைத்தாலே முதல் மூன்று மாதத்துக்குப் போதும். மெஷின் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் சரி. தினமும் பார்த்தால் உடம்பில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்து மனசுதான் நொந்துபோகும்.

பயிற்சியைத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டுமா?

ஆமாம். நாற்காலியில் உட்கார்ந்து கைகால் அசைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. நடையை நீட்டுவதற்கும் எடை தூக்குவதற்கும் முன்னால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தம், மூன்று மாத சராசரி சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்த அளவு, ஒரு ஈ.சி.ஜி. இவ்வளவும் பெரும்பாலும் கேட்பார்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும்போது பெரிய கைக்கான அகலப் பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னப் பட்டையை இழுத்துக் கட்டி அளந்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். எனக்கு ஒரு கிளினிக்கில் அப்படி அளந்து, தேவையில்லாமல் மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். நான்கு நாள் தலைசுற்றலோடு நடமாடினேன்.

இன்னொன்று, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். ஸ்டீராய்டு, மனநல சிகிச்சைக்குத் தரும் சில மருந்துகள், வலிப்புக்கான சில மருந்துகள், இன்சுலின் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து உண்டா என்று கேட்கலாம்.

ராத்திரி பயங்கரக் குறட்டை, பகலெல்லாம் தூக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைத்து அடைத்துத் திறக்கும். வீட்டில் யாராவது "நடுவில் மூச்சே நின்றுபோகிறது" என்று சொன்னால் உடனே தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள். சரியாகத் தூங்காத உடம்புக்குப் பசி அதிகம், நடக்கத் தெம்பு குறைவு. மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்த இரண்டாவது வாரம்தான் எனக்குப் பகலில் எழுந்து நடக்க வேண்டும் என்ற நினைப்பே வந்தது. வண்டி ஓட்டுபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நான் எங்கிருந்து தொடங்குவது?

உட்கார்ந்த இடத்திலிருந்து. இதை நான் மனதார நம்புகிறேன். நடைதான் முதல் படி என்று நினைத்து, அது முடியாமல் போய், "நமக்கெல்லாம் எதற்கு" என்று விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கை வைக்காத, கனமான மர நாற்காலி ஒன்றை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். வழுவழு தரையில் அதன் கால் விரிந்துவிடும். நாற்காலியை நம்ப முடியாவிட்டால் உறுதியான கட்டிலின் விளிம்பு போதும்.

உட்கார்ந்தபடி இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி ஒரு நிமிடம் தூக்கி வையுங்கள். ஒரு நிமிடம் ஓய்வு. பிறகு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். கைக்கு ஒன்றாக அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு தோளுக்கு மேல் தூக்கி இறக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். எல்லாம் சேர்த்து முதல் வாரம் ஐந்து நிமிடம், காலையும் மாலையும்.

இதற்கு அடுத்தது உட்கார்ந்து எழுவது. எனக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது இதுதான். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்று அகட்டிப் பின்னால் இழுத்து வைத்து, முன்பக்கம் சாய்ந்து எழ வேண்டும். எழ முடியவில்லை என்றால் உட்காரும் இடத்தில் கெட்டியான தலையணை ஒன்று போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். தேவையானால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள், தசை அதில்தான் வளரும். நான் தொடங்கியபோது ஒரே மூச்சில் மூன்றுதான் முடிந்தது. ஐந்து மாதத்தில் தலையணை போய், பதினைந்து வந்தது. பஸ் சீட்டிலிருந்து, கழிப்பறையிலிருந்து யார் கையும் இல்லாமல் எழுந்திருக்க முடிவது என்பது இந்த உடம்போடு வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நடை மூன்றாவது. வீட்டுக்குள் ஹாலிலிருந்து சமையலறை வரை. பிறகு வாசல். பிறகு தெரு, ஆனால் வழியில் உட்கார இடம் இருக்கும் தெரு. மொத்தம் அரை மணி நேரம் என்பதை ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதை எட்ட எனக்குப் பதினொரு மாதம் ஆனது. 2023-இல் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அமைத்தது. போய்ப் பாருங்கள், அதில் 200 மீட்டர் நடந்துவிட்டு வந்தாலும் நடைதான்.

வீட்டைவிட்டு இறங்கவே முடியாத நிலை என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றிக் கேளுங்கள். 2021 முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது.

முட்டி வலி இருக்கிறது. நடந்தால் தேய்ந்துவிடாதா?

அசையாமல் இருந்தால்தான் முட்டியைத் தாங்கும் தொடைத் தசை இளைத்து வலி கூடும். அதே சமயம் முட்டியின் மேல் இறங்கும் பாரம் நிஜம். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று கண்டார்கள். அப்படியென்றால் முதல் ஐந்து கிலோவிலேயே முட்டிக்கு 20 கிலோ இறங்கிவிடுகிறது. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. முட்டிக்குத் தெரியும்.

வலிக்கு ஒரு கணக்கு எனக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால் அன்று அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த முறை குறைக்க வேண்டும். முட்டி வீங்கினாலோ சூடானாலோ பூட்டிக்கொண்டாலோ டாக்டரிடம் போங்கள். குதிப்பது, ஓடுவது, ஸ்கிப்பிங், முழுசாகக் குத்தவைத்து எழுவது இவை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

முட்டிக்கு மிக நல்ல இடம் தண்ணீர். இடுப்பளவுத் தண்ணீரில் உடம்பின் பாரம் பாதியாகும், மார்பளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காலுக்கு இறங்கும். நீச்சல் தெரிய வேண்டாம், தண்ணீருக்குள் நடந்தாலே போதும். ஆனால் குளத்தில் இறங்குவதற்கு முன் ஏறும் வழியைப் பாருங்கள். பல நீச்சல் குளங்களில் செங்குத்தான இரும்பு ஏணிதான் இருக்கும். தண்ணீரில் லேசாகத் தெரிந்த உடம்பு ஏணியில் கால் வைத்ததும் முழுப் பாரத்தோடு திரும்பி வரும். அகலப் படிக்கட்டும் கைப்பிடியும் உள்ள குளமாகப் பாருங்கள். கிணறு, ஏரி, கடல் வேண்டாம்.

எட்டு போட்டு நடக்கிறேன், கூழாங்கல் மேல் நடக்கிறேன். நல்லதுதானே?

எட்டு நடையில் ஒவ்வொரு வளைவிலும் முட்டி திருகும். கனத்த உடம்புக்கு நேர் நடைதான் நல்லது. எட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் எட்டைப் பெரிதாகப் போடுங்கள். கூழாங்கல், மணல், வெறுங்கால் மூன்றும் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது. ஷூவைச் சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். அகலமானது, பின்புறம் கெட்டியானது, குனிந்து கயிறு கட்டத் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது.

எவ்வளவு வேகமாகச் செய்வது?

பக்கத்தில் நடப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித்துடிப்பைப் பார்த்து அளவு வைக்காதீர்கள். மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரிய உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும், அதனால் சூரியன் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், அது தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவுவது, குளிர்ந்த வேர்வை, மயக்கம், உட்கார்ந்தும் அடங்காத மூச்சுத்திணறல் என்றால் நிறுத்தி உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள்.

ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காமல், நடக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறேன். பயிற்சி செய்யலாமா?

செய்ய வேண்டும். ஆனால் இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் பயிற்சியின் போதும் அன்று இரவும் சர்க்கரை இறங்கலாம். தொடங்குமுன் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுக்கம், படபடப்பு, வேர்வை வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எடை குறையக் குறைய மருந்தின் அளவும் குறைய வேண்டியிருக்கும், அதை டாக்டர் செய்யட்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டினியோ சோற்றை அடியோடு நிறுத்தும் டயட்டோ இருக்கவே கூடாது, ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்.

ஜிம்முக்குப் போகலாமா?

போகலாம். டிரெட்மில்லின் தாங்கும் எடையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள், வீட்டு உபயோக டிரெட்மில்கள் பலவும் 100, 120 கிலோவுக்குத்தான் செய்யப்படுகின்றன. சாய்மானம் உள்ள சைக்கிள் இடுப்புக்கும் முட்டிக்கும் இதமானது. முதல் நாளே பர்பீ (தரையில் படுத்து எழுந்து குதிக்கும் பயிற்சி) போடச் சொல்லும் பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்.

தொடை உரசிப் புண்ணாகிறது. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வருவதுதான். முட்டி வரை வரும், உடம்போடு ஒட்டிய உள்ளாடை போடுங்கள். நடக்கப் போகுமுன் தொடை இடுக்கில் வாசலின் தடவுங்கள். குளித்தபின் வயிற்று மடிப்பு, மார்புக்குக் கீழே, அக்குள் எல்லாம் ஈரமில்லாமல் துடைத்து மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். சிவந்து அரித்தால் பூஞ்சையாக இருக்கும். மருந்துக் கடையில் கொடுக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, நாலு நாள் அடங்கிவிட்டுப் பிறகு மோசமாகப் பரவும். தோல் டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சி மட்டும் செய்தால் எடை குறையாதா?

அதிகம் குறையாது. 130 கிலோ மனிதர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 100 கலோரி செலவாகும். ஒரு பரோட்டா 250-ஐத் தாண்டும், சால்னா தனி. எடை குறைவது அடுப்பங்கரையில். பயிற்சி எதற்கென்றால் எழுவதற்கு, ஏறுவதற்கு, சர்க்கரை இறங்குவதற்கு, குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போகாமல் இருப்பதற்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "ஒரு மாதம் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கவில்லை" என்று நிறுத்திவிட வேண்டாம்.

அப்படியானால் சாப்பாட்டில் என்ன மாற்றுவது?

நான் எதையும் அடியோடு நிறுத்தவில்லை. முதலில் டீ. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. ஒரு மாதம் ஒரு ஸ்பூனாகக் குறைத்தேன், அடுத்த மாதம் அரையாக்கினேன். இப்போது சர்க்கரை போட்ட டீ நாக்குக்கு ஒட்டவில்லை.

அடுத்தது எண்ணெய். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் தலைக்கு நாள் ஒன்றுக்கு 40 மில்லிக்கு மேல் போகிறது, அதுவே 350 கலோரிக்குப் பக்கம். தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கும்போதே குறைத்தோம். தாளிப்பு நிற்கவில்லை. வடை, அப்பளம், பொரியலில் ஊற்றுவது குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பது முக்கியம். எனக்கு மட்டும் தனித் தட்டு என்றால் நான் இரண்டு வாரம் தாங்கியிருக்க மாட்டேன்.

பிறகு தட்டில் விழும் வரிசை. காயும் சுண்டலும் முட்டையோ மீனோ முதலில், சோறு கடைசியில். இரண்டு கப் சோறு ஒன்றாக இறங்கியது, ஒரு கப் சுமார் 200 கலோரி. சாம்பாரில் தெளிவைவிடப் பருப்பு அதிகம் வருமாறு அடியிலிருந்து எடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுதானியம் நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் கலோரியில் அரிசிக்கும் வரகுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தினைப் பொங்கல் என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் இரண்டு தட்டுப் பொங்கல்தான்.

கொள்ளு, கொடம்புளி, தேன் கலந்த வெந்நீர்?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். கொள்ளு புரதமும் நாரும் நிறைந்த நல்ல பயறு, வயிறு நிறையும், அதனால் உதவும். கொழுப்பை அது கரைப்பதில்லை. குழம்பில் போடும் கொடம்புளியால் கெடுதல் இல்லை, ஆனால் அதன் சாற்றை அடைத்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. தொடாதீர்கள். வெந்நீரில் ஊற்றினாலும் தேன் சர்க்கரைதான்.

ஊசி, ஆபரேஷன் எல்லாம் குறுக்கு வழியா?

இல்லை. இதைக் குறுக்கு வழி என்று சொல்லிச் சொல்லியே பலரைத் தாமதிக்க வைத்துவிட்டோம். பசியும் நிறைவும் ஹார்மோன்களின் வேலை. மன உறுதி மட்டும் எல்லோருக்கும் போதாது. செமாக்ளூடைடு ஊசியில் பெரிய ஆய்வில் சராசரியாக 15 சதவீதமும், டிர்செபடைடின் அதிகபட்ச அளவில் 20 சதவீதத்துக்குச் சற்று மேலும் எடை குறைந்தது. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. வாந்தி, மலச்சிக்கல் வரலாம், விலையும் அதிகம், அதனால் எவ்வளவு நாள் எடுக்க முடியும் என்று யோசித்துத் தொடங்குங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவர்களுக்கு, வேறு நோய் இல்லாவிட்டாலும், பரிந்துரைக்கப்படுகிறது. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று 2022-இல் உலக அளவிலான அறுவை சிகிச்சை அமைப்புகள் சொல்லின. ஆபரேஷனுக்குப் பின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். நான் செய்துகொள்ளவில்லை. என் தம்பி செய்துகொண்டான், நல்ல முடிவு.

எவ்வளவு நாளில் எவ்வளவு குறையலாம்?

வாரம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. முதல் இரண்டு வாரம் தண்ணீர் இறங்குவதால் கூடுதலாகத் தெரியும். மிக வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் வரலாம். இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும், 140 கிலோவுக்கு அது 7 முதல் 14 கிலோ. நடுவில் மாதக்கணக்கில் முள் நகராது. சின்னதான உடம்புக்குக் குறைந்த சாப்பாடே போதும் என்பதால் அப்படி ஆகும். 121 கிலோவில் நான் ஏழு மாதம் நின்றேன். அந்த ஏழு மாதத்தில்தான் மாடி ஏறப் பழகினேன்.

வெளியே நடந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள்.

பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். அது வலிக்கும், வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் போங்கள், கூட ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், மொட்டை மாடி இருந்தால் அங்கே தொடங்குங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தட்டைப் பார்த்துப் பேசாதீர்கள். "எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்பதற்குப் பதில் கூட நடக்க வாருங்கள். என் மகள் தினமும் ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

தனியாக இருக்கும்போது கீழே விழுந்துவிட்டால் எப்படி எழுவது?

அவசரப்படாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே கிடந்து எங்காவது கடுமையாக வலிக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு, கால் அசைக்க முடியாமல் வலித்தால் எழ முயலாமல் உதவியைக் கூப்பிடுங்கள். வலி இல்லை என்றால் ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, முட்டிபோட்ட நிலைக்கு வாருங்கள். தவழ்ந்து கட்டிலுக்கோ கனமான நாற்காலிக்கோ போங்கள். இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னே வைத்து, தள்ளி எழுந்து, திரும்பி உட்காருங்கள். இதை வீட்டில் ஆள் இருக்கும்போது, மெத்தை விரித்து, ஒரு முறை செய்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போன் எப்போதும் சட்டைப் பையிலோ இடுப்பிலோ இருக்கட்டும், மேஜை மேல் வேண்டாம்.